முப்பது டிகிரி

“என்மேல சந்தேகமா மேடம்?”

“ஆமா சார்,” என்றார் மெய்யம்மை.

தேவசகாயத்துக்கு முகம் சுருங்கிவிட்டது. இல்லை என்று ஒரு பேச்சுக்காவது சொல்லியிருக்கலாம்.

இருபத்தெட்டு வருடம் தீயணைப்புத் துறையில் இருந்தவர். ஓய்வு பெற்றபின், கட்டடத்துக்குள் தீயின் வெப்பம் எப்படிப் பரவும் என்பதைக் கணினியில் கணக்கிடக் கற்றுக்கொள்ள வந்திருந்தார். சொல்லிக்கொடுக்கும் மெய்யம்மை அவரைவிடப் பதினைந்து வயது சின்னவர். கையெழுத்துப் போடுவதில் மகா கஞ்சர்.

தேவசகாயத்தின் முதல் அறிக்கை நான்கு நாளாக மெய்யம்மையின் மேசையில் கிடந்தது.

ஒரு மாணவியர் விடுதி. சமையலறைக்கும் படுக்கையறைக்கும் நடுவே ஒரே சுவர். தீப்பிடித்தால் அது தாங்குமா என்பதுதான் கேள்வி. தாங்கும் என்று மெய்யம்மை கையெழுத்திட்டால், திங்கட்கிழமை முதல் முப்பத்திரண்டு பெண்கள் அங்கே தூங்குவார்கள்.

“எங்க இடிக்குது, அதையாவது சொல்லுங்க.”

“எங்கயும் இடிக்கல சார். அதான் சந்தேகம்.”

தேவசகாயம் கணினியை அவர் பக்கம் திருப்பினார். திரையில் சமையலறை செக்கச்செவேல் என்றிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் முழுக்க நீலம்.

“பாருங்க. இங்க தொள்ளாயிரம் டிகிரி. அந்தப் பக்கம் முப்பது.”

“ஒரு மணி நேரம் எரிஞ்சா?”

“முப்பது.”

“ரெண்டு மணி நேரம்?”

“அப்பவும் முப்பதுதான் மேடம். அவ்வளவு நல்ல சுவரு!”

மெய்யம்மை கையைத் திருப்பி, புறங்கையைத் திரையின் நீலத்தில் வைத்தார். எடுக்கவே இல்லை.

கேலி செய்கிறாரோ என்று தேவசகாயத்துக்குக் கோபம் வந்தது. பிறகுதான் அது தன்னுடைய பழக்கம் என்று உறைத்தது. தீப்பிடித்த வீட்டில் மூடிய கதவைத் திறக்குமுன் புறங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று, வகுப்பின் முதல் நாள் அவர்தான் செய்து காட்டியிருந்தார்.

“எத்தனை சுவரைத் தொட்டிருப்பீங்க சார்?”

“கணக்கே இல்ல.”

“ரெண்டு மணி நேரம் எரிஞ்ச வீட்டுல, ஒண்ணாவது சில்லுனு இருந்துச்சா?”

தேவசகாயத்தின் பார்வை திரைக்குப் போனது.

“கம்ப்யூட்டர் சொல்லுதே மேடம்.” குரல் இறங்கியிருந்தது.

“கம்ப்யூட்டருக்கு யார் சொன்னா?”

தான் கொடுத்த விவரங்களைத் தேவசகாயம் ஒவ்வொன்றாகத் திறந்தார். ஏழாவது பக்கத்தில் கை நின்றது. சுவரின் மறுபக்கத்துக்கு இரண்டு கட்டங்கள் இருந்தன. ‘தொடக்க வெப்பநிலை’ காலியாக இருந்தது. அதற்குக் கீழே, ‘மாறாத வெப்பநிலை’ என்ற கட்டத்தில், அவரே தட்டிய எண்.

முப்பது.

எவ்வளவு நேரம் எரிந்தாலும் முப்பதிலேயே நிற்கச் சொன்னது அவர்தான்.

“விடுதிக்குப் போய்ப் பார்த்தீங்கல்ல?” மெய்யம்மை கேட்டார். “அந்தச் சுவரை ஒட்டி என்ன இருக்கு?”

“கட்டில். வரிசையா.”

“தலைமாடு எந்தப் பக்கம்?”

தேவசகாயம் மேசையிலிருந்த அறிக்கையைத் தானே எடுத்துக்கொண்டார்.

“சுவர்ப் பக்கம் மேடம்.”