நடு ஆற்றில் நின்ற ஆமை

ஆற்றின் இக்கரையில் ஒரு காடு, அக்கரையில் இன்னொரு காடு. இரண்டுக்கும் நடுவே ஒரு கொக்கு பயண நிறுவனம் நடத்தியது. நிறுவனம் என்றால் கொக்கின் வாயும் ஓர் ஆமையின் முதுகும்தான். முயல்களையும் அணில்களையும் ஆமை சுமக்கும். பேரும் புகழும் கொக்குக்குப் போகும்.

இக்கரை மணலில் ஆமை முட்டையிட்டிருந்தது. ஒவ்வொரு நடை முடிந்ததும் ஓடிப்போய் முட்டைகளுக்குக் காவல் இருக்கும்.

அக்கரை உடும்பு ஒன்று வந்து முட்டைகளைத் திருடுவதாகப் புகார் எழுந்தது. காட்டுச் சபை கூடி, மூன்று நாள் மண்டையைப் பிய்த்துக்கொண்டு ஒரு சட்டம் போட்டது: "ஒரு பிராணி ஒரு நாளில் ஒரு தடவைதான் ஆற்றைத் தாண்டலாம்!" ஆமை பயணிகளை ஏற்றும் இக்கரைத் துறையில் கரடியைக் காவலுக்கு வைத்தார்கள். போன ஆமை திரும்பி வர வேண்டுமே என்று அந்த அறிவாளிகளில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் காலை இரண்டு முயல்களை அக்கரையில் இறக்கிவிட்டு ஆமை திரும்பியது. கரை நெருங்கியதும் கரடி கையை நீட்டியது.

"நில்! இன்றைக்கு நீ ஒரு தடவை தாண்டிவிட்டாய்!"

"ஐயா, நான் பயணி இல்லை. இது என் வேலை!"

"சட்டத்தில் வேலை என்ற சொல்லே இல்லை. திரும்பிப் போ!"

"திரும்பிப் போனால் அதுவும் தாண்டுவதுதானே, ஐயா?"

கரடி வெகுநேரம் தலையைச் சொறிந்தது. "அப்படியென்றால் நாளைக் காலைவரை நடு ஆற்றிலேயே இரு!"

கொக்கு பறந்து வந்தது. ஆமைக்குப் பரிந்து பேசத்தான் வந்தது என்று நினைத்துவிடாதீர்கள். "பயணிகள் காத்திருக்கிறார்கள், நீ இங்கே குளித்துக்கொண்டிருக்கிறாயா?" என்று சீறியது. அன்று கொக்கு மட்டும் எட்டுத் தடவை ஆற்றைத் தாண்டியிருந்தது. பறப்பது கணக்கில் சேராதாம்!

மாலையில், துறைக்குச் சற்று மேலே, ஆற்றின் குறுக்கே விழுந்து கிடந்த மரத்தின் மீது நடந்து உடும்பு வந்தது. ஒரு தடவைதான் தாண்டியது. ஆகவே சட்டப்படி அது யோக்கியமான பிராணி. ஆமையின் கண்ணெதிரிலேயே மணலைத் தோண்டியது.

"ஐயா, என் முட்டைகள்! ஒரே நிமிடம் என்னைக் கரையேற விடுங்கள்!"

"கத்தாதே! உன் முட்டைகளுக்காகத்தானே நான் இங்கே காவல் நிற்கிறேன்!" என்றது கரடி, திரும்பிக்கூடப் பார்க்காமல்.

மறுநாள் காலை ஆமை கரையேறியது. குழியில் ஓடுகள் மட்டும் கிடந்தன. பாவம், அது வாய்விட்டு அழுதது.

"இரண்டு அணில்கள் தயார், கிளம்பு!" என்றது கொக்கு.

"உங்கள் முதுகில் ஏற்றிக்கொள்ளுங்கள்!" என்று சொல்லிவிட்டு ஆமை போயே போய்விட்டது. அத்தோடு நிறுவனம் மூடியது. கரடிக்கோ பதவி உயர்வு கிடைத்தது. அதன் துறை வழியாக ஒரு திருடன்கூட வரவில்லையாம்!

உழைப்பவரைப் பிடித்து நிறுத்தும் சட்டம், கடைசியில் திருடருக்கே காவல் நிற்கும்.