எண்ணெய்க்குச் சிக்கு வாடை வந்தது எப்படி

அந்தக் காலத்தில் உடம்புக்குள் இருப்பவை எல்லாம் வாய் திறந்து பேசும். மூக்கு பேசும், இதயம் பேசும், ரத்தக் குழாய்கூடப் பேசும். அப்போது எண்ணெய்க்கு வாடை என்பதே கிடையாது. இன்றைக்கு ஆட்டியதும் சரி, பலகாரச் சட்டியில் திரும்பத் திரும்பக் கொதித்துக் கறுத்ததும் சரி, மூக்குக்கு எல்லாம் ஒன்றுதான்.

ரத்தம் ஓடும் பாதையின் உட்சுவரில் பெண்கள் ஒரே வரிசையாகக் கைகோத்து நின்றார்கள். ஒவ்வொருத்தியும் வெங்காயச் சருகின் கனம்கூட இருக்கமாட்டாள். அதற்காக வேலை லேசு என்று நினைத்துவிடாதீர்கள். ரத்தம் வேகமாக வந்தால், பின்னால் இருக்கும் சதைக்காரர்களிடம், "அண்ணே, கொஞ்சம் தளர்ந்து கொடுங்க" என்று சொல்ல வேண்டும். சொன்னால்தான் பாதை விரியும். பாதை விரிந்தால்தான் ராப்பகலாக அடித்துக்கொண்டிருக்கும் இதயத்துக்குச் சோறு.

அந்த வரிசையில் சருகாயி என்று ஒருத்தி. யாரைக் கண்டாலும் சந்தேகம். சர்க்கரை வந்தால், "இவ்வளவு இனிப்பா எதுக்குப் பேசுறே?" என்பாள். உப்பு வந்தால் அதன் முதுகுப் பக்கம் எட்டிப் பார்ப்பாள். அவள் கையைப் பிடித்து நின்றவள் கூடப் பிறந்த தங்கை பவளக்கொடி. அவளுக்கோ வருகிறவர் எல்லாரும் சொந்தக்காரர்தான்.

ரத்தத்தில் தோணி ஏறி வரும் கொழுப்பு களைத்திருந்தால், சுவருக்குப் பின்னால் உள்ள சிற்றறையில் சற்று உட்காரவைத்து அனுப்புவது அங்கே வழக்கம். எங்கிருந்து வருகிறாய் என்று கேட்பது மட்டும் மரியாதைக் குறைவு.

ஒருநாள் ஒரு கொழுப்பு வந்தான். உடம்பு முழுக்கத் துண்டைப் போர்த்தியிருந்தான்.

"தாயி, இடுப்பு ஒடியுது. கொஞ்சம் உட்கார்ந்துட்டுப் போறேன்."

"எந்தச் சட்டியிலே இருந்து வர்றே?" என்றாள் சருகாயி.

"சட்டியா? செக்குல இருந்து நேரா வர்றேன் தாயி. சட்டியை நான் கண்ணாலயும் பார்த்ததில்லை."

"அப்போ மேலெல்லாம் கருகின பஜ்ஜித் தூள் எப்படி ஒட்டுச்சு?"

அவன் துண்டை இன்னும் இறுக்கிக்கொண்டான். "அது... வழியிலே ஒட்டினது."

"வழியிலே பஜ்ஜியா போடுறாங்க?"

"அக்கா!" பவளக்கொடிக்கு முகம் சுண்டிப்போயிற்று. "வந்தவரை நிக்க வச்சு விசாரிக்கிறியே, மானம் போகுது. நீங்க வாங்கண்ணே." சொல்லிக்கொண்டே அக்காவின் கையை விட்டாள், அந்தக் கையாலேயே கதவைத் திறந்தாள்.

உள்ளே போனவன் துண்டை எடுத்தான். ஐயோ, அவன் தீயில் வெந்து, காற்று கடித்துக் கெட்டுப்போனவன்! தொட்டதையெல்லாம் கெடுக்காமல் அவனால் இருக்க முடியாது. பவளக்கொடியின் முதுகைத் தொட்டான்.

"அக்கா, எரியுதுக்கா!"

சதைக்காரர்களைக் கூப்பிட வாயைத் திறந்தாள், குரல் வரவில்லை. பாதை இறுகியது. ரத்தத்தில் ரோந்து சுற்றும் காவல்காரர்கள் ஓடிவந்து அவனை விழுங்கினார்கள். விழுங்கியவர்கள் வயிறு உப்பி, நுரைத்துப்போய், எழுந்திருக்க முடியாமல் அந்த அறையிலேயே கிடந்தார்கள். சுவர் புடைத்துக்கொண்டு வந்தது.

"மூச்சு முட்டுது, யாராவது பாருங்களேன்!" என்று கதறியது இதயம்.

படித்துப் படித்துச் சொன்னேனே என்று ஏசத்தான் சருகாயிக்கு வாய் வந்தது. ஆனால் அழுகைதான் முந்திக்கொண்டது. "கையைக் கொடுடி!"

"வேண்டாம்க்கா. உன்னையும் எரிச்சிடும்."

பவளக்கொடி சுவரிலிருந்து உரிந்து, ரத்தத்தோடு போனாள்.

"ஏ மூக்கே!" என்று சருகாயி போட்ட சத்தம் உடம்பெல்லாம் கேட்டது. "வாசல்ல நீதானே உட்கார்ந்திருக்கே? அவனை எப்படி உள்ளே விட்டே?"

"என்னை ஏன் திட்டுறே? அவன்கிட்ட வாடையே இல்லையே. எதை வச்சுக் கண்டுபிடிக்க?"

"என் தங்கச்சி உன் பக்கமா வர்றா. அவளை மோந்து பாரு. அவ எரிஞ்ச வாடையை மறந்துடாதே. இனி எந்த எண்ணெயிலே இது வந்தாலும் முகத்தைச் சுளி."

பவளக்கொடி மூக்கின் பக்கம் மிதந்து போனாள். மூக்கு மோந்தது. மோந்ததும் அதற்கு நீர் கொட்டியது.

சருகாயி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தங்கை நின்ற இடத்தில் தன் உடம்பையே இழுத்துப் பரப்பி, அடுத்தவளின் கையை எட்டிப் பிடித்தாள். "அண்ணே, தளர்ந்து கொடுங்க" என்றாள். இதயத்துக்குச் சோறு போயிற்று. புடைத்த சுவர் மட்டும் புடைத்தபடியே இருந்தது.

கெட்டுப்போன எண்ணெயில் சிக்கு வாடை அடிப்பதும், மூடியைத் திறந்ததும் மூக்கு சுளிப்பதும் அன்று முதல்தான். மசாலாவைத் தூவி அந்த வாடையை மறைக்கிற கெட்டிக்காரர்களும் இருக்கிறார்கள். அவர்கள் சுட்ட பலகாரம் உள்ளே இறங்கும்போதெல்லாம், சருகாயி தங்கை நின்ற பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, "எந்தச் சட்டியிலே இருந்து வர்றே?" என்று இன்றைக்கும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள்.