பிரதானி வீட்டில் என்ன மாறியது?

முன்னொரு காலத்தில், எந்தத் திசையில் என்று என்னைக் கேட்காதீர்கள், பூபதிராஜர் என்றொரு ராஜா ஒரு நாட்டை ஆண்டுவந்தார். நல்ல ராஜாதான். ஆனால் அவருக்கு நேரம் காலம் இல்லாமல் சந்தேகம் வரும். ஒருமுறை, ஆமை மல்லாந்து விழுந்தால் எவ்வளவு நேரத்தில் தானாக எழும் என்று பார்க்க, சபையை நாள் முழுக்க ஒரு ஆமையைச் சுற்றி உட்கார வைத்துவிட்டார். அந்த ஆமை எழுந்ததோ இல்லையோ, மந்திரிகள் யாருக்கும் அன்று மத்தியானச் சாப்பாடு இல்லை.

அந்த ராஜாவின் பிரதானி குபேரலிங்கனார். அரசருக்கு அடுத்தபடி அதிகாரம் அவருக்குத்தான். ஏற்கெனவே பத்து ஊர் வருமானம் அவருக்கு மானியமாக வந்துகொண்டிருந்தது. அந்த வருஷம் புதிதாக வெட்டிய வாய்க்காலால் தொண்ணூறு தரிசு ஊர்கள் விளைச்சலுக்கு வந்தன. பிரதானியார் சபையில் எழுந்து, வாயைப் பொத்திக்கொண்டு ஒரு விண்ணப்பம் வைத்தார்.

"மகாராஜா, அந்தத் தொண்ணூறு ஊர் வருமானத்தையும் அடியேனுக்கே அருளினால், அடியேனின் வாழ்க்கை உயரும். பிரதானியின் வாழ்க்கை உயர்ந்தால் தங்கள் கீர்த்தியும் உயரும்."

ராஜாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது!

"பத்து ஊர்க்காரர் நூறு ஊர்க்காரர் ஆனால் அப்படி என்னதான் மாறும்?" என்று சபையைக் கேட்டார்.

"எல்லாமே மாறும், மகாராஜா" என்றார்கள் எல்லோரும் ஒரே குரலில். என்ன மாறும் என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. ராஜா விகடகவி குப்பாண்டியின் பக்கம் திரும்பினார். இப்படி எதற்கெடுத்தாலும் அவர் குப்பாண்டி பக்கம் திரும்புவதுதான் பிரதானிக்கும் மற்ற மந்திரிகளுக்கும் வயிற்றெரிச்சல்.

குப்பாண்டி தலையைச் சொறிந்தான். "மகாராஜா, எனக்கு இருப்பது மூன்று மா நிலமும் அதில் ஒரு குடிசையும். ஒரு மா கூடினால் என்ன மாறும் என்று கேளுங்கள், மூச்சுவிடாமல் சொல்கிறேன். கூரை ஒழுகாது. ஒரு பசுமாடு வரும். என் மனைவி என்னோடு சண்டை போடுவது பாதியாகக் குறையும். ஆனால் பிரதானியாருக்கு என்ன மாறும் என்று யோசித்தால் ஒன்றுமே தோன்றவில்லை. தெரிந்துகொள்ள எனக்கும் ஆசையாகத்தான் இருக்கிறது."

"அப்படியானால் நீயே தெரிந்துகொண்டு வா!" என்று ராஜா தொடையைத் தட்டினார். "நாற்பது நாள் அந்த வருமானம் பிரதானி வீட்டுக்குப் போகட்டும். நூறு ஊர் வருமானம் வந்து விழுகிற வீட்டில் எந்த வாழ்க்கை மாறியிருக்கிறதோ, அதைக் கொண்டுவந்து என் கண்முன்னே நிறுத்து. பேச்சு வேண்டாம். புதிதாக வாங்கிய பாத்திரம் பண்டமும் வேண்டாம், காசிருந்தால் எவனும் வாங்குவான். வாழ்க்கை மாறியிருக்க வேண்டும். மாற்றத்தை நீ காட்டிவிட்டால் தொண்ணூறு ஊரும் பிரதானிக்கு நிரந்தரம்."

பிரதானி சட்டென்று பிடித்துக்கொண்டார். "காட்டாவிட்டால், மகாராஜா? சபையில் வாயைக் கொடுத்தவன் எதையாவது இழக்க வேண்டாமா? அவனுடைய மூன்று மா நிலம் அடியேனின் மாந்தோப்புக்கு நடுவே கிடக்கிறது. அதை அடியேனுக்குக் கொடுத்துவிடட்டும்."

சந்தேகம் தீர்ந்தால் போதும் என்ற அவசரத்தில் ராஜா, "ஆகட்டும்" என்று சொல்லிவிட்டார். மந்திரிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக் கண்ணடித்துக்கொண்டார்கள். குப்பாண்டி காட்டினால் பிரதானிக்குத் தொண்ணூறு ஊர். காட்டாவிட்டால் பிரதானிக்குக் குப்பாண்டியின் நிலம். எப்படிப் பார்த்தாலும் மனிதருக்கு லாபம்தான்!

குப்பாண்டி வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் அவன் மனைவி காத்தாயி கையிலிருந்த அகப்பையைக் கீழே போட்டாள்.

"ஏன்யா, சபையில அத்தனை பேரு வாய மூடிக்கிட்டு இருக்கயில உனக்கு மட்டும் ஏன்யா நாக்கு துறுதுறுங்குது? இந்த நெலத்த விட்டா நமக்கு ஏதுய்யா கதி? எங்க போயி அடுப்பு மூட்டுவேன்?"

"கோவிச்சுக்காத புள்ள. ராஜா கேட்டாரு, சொன்னேன்."

"தெரியலன்னு சொல்லியிருக்கலாம்ல?"

"அதத்தான் புள்ள சொன்னேன்!"

காத்தாயி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். குப்பாண்டிக்கும் அடிவயிற்றில் பயம்தான். அவனுடைய அப்பன் கல் பொறுக்கித் திருத்திய நிலம் அது. ஆனால் பயத்தோடு பயமாக, அப்படி என்னதான் மாறும் என்ற கேள்வியும் அவனை விடவில்லை. மறுநாள் விடிந்ததும் பிரதானி வீட்டுக்கு எதிரே இருந்த வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டான்.

முதல் பத்து நாள் வண்டி வண்டியாகச் சாமான் வந்து இறங்கியது. தங்கத் தட்டு, தந்தக் கட்டில், நாற்பது பட்டு வேட்டி, இரண்டு பல்லக்கு. ஊர் ஜனங்கள் தெருவில் நின்று பார்த்து வாயைப் பிளந்தார்கள். குப்பாண்டியும் பிளந்தான். அடேயப்பா, மாறத்தான் போகிறது என்று நினைத்துக்கொண்டு கொல்லைப்புறமாகப் போய்ச் சமையல்காரரைப் பிடித்தான்.

"அண்ணே, தங்கத் தட்டுல சாப்பாடு எப்படி?"

"ஒரே ஒரு நாள் சாப்பிட்டாரு தம்பி. சூடா கஞ்சி ஊத்தினேன், தட்டு கொதிச்சுக் கை சுட்டுப்போச்சு. 'எடுத்து உள்ள வை, இலையைப் போடு'ன்னுட்டாரு."

"கஞ்சியா? நூறு ஊர்க்காரரு கஞ்சியா குடிக்கிறாரு?"

"அவருக்கு வாயு. ராத்திரி கஞ்சியும் துவையலும் தவிர எது தின்னாலும் நெஞ்சக் கரிக்கும். பத்து வருஷமா இதுதான்."

குப்பாண்டி துணி வெளுக்கும் மாரியைத் தேடிப் படித்துறைக்குப் போனான். பட்டு வேட்டி எதுவும் தன்னிடம் வெளுக்க வரவில்லை என்றார் மாரி. பட்டு உடம்பில் அரிக்கிறதாம். வருவதெல்லாம் அந்தப் பழைய இரண்டு பருத்தி வேட்டிகள்தான், துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆனவை. தந்தக் கட்டிலைப் பற்றி வேலைக்காரி சொன்னாள். அதில் ஏறிப் படுத்தால் கீழே விழுந்துவிடுவோமோ என்று அய்யாவுக்குப் பயமாம். கட்டிலுக்குப் பக்கத்தில் பாயை விரித்துப் படுத்துக்கொள்கிறாராம். பல்லக்கில் போனால் குமட்டுகிறதாம், நடைதான்.

முப்பது நாள் ஓடிவிட்டது. குப்பாண்டிக்குச் சோறு இறங்கவில்லை. ராஜா பண்டம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வாழ்க்கையிலோ ஒரு மண்ணும் மாறவில்லை. மாறாததைத் தூக்கிக்கொண்டு போய்ச் சபையில் எப்படி நிறுத்துவது? காத்தாயி பாத்திரங்களை ஒரு சாக்கில் போட்டுக் கட்ட ஆரம்பித்துவிட்டாள்.

முப்பத்தோராவது நாள் சனிக்கிழமை. அன்று காலை பிரதானி வீட்டு வாசலில் புதிதாக ஒரு ஆள் நின்றான். ஆறடி உயரம், கையில் வேல்கம்பு. நூறு ஊர்க்காரர் வீட்டுக்கு வாசல்காரன் இல்லாவிட்டால் கௌரவம் இல்லை என்று, வீட்டு நிர்வாகம் பார்க்கும் காரியக்காரர் வெளியூரிலிருந்து கூட்டிவந்த ஆள். பெயர் சங்கிலி. பேர், ஊர், வந்த காரியம் மூன்றும் கேட்காமல் ஒருவரையும் உள்ளே விடக்கூடாது என்பது அவனுக்கு இட்ட கட்டளை.

அன்றைக்கென்று பிரதானியார் கொல்லை வழியாக ஆற்றுக்குப் போயிருந்தார். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்து ஆற்றில் முழுகுவது அவருக்குப் பல வருஷ வழக்கம். குளித்துவிட்டு, ஓரம் கிழிந்த அந்தப் பழைய வேட்டியோடு, காதோரம் சீயக்காய் ஒட்டியிருக்க, வாசல் வழியாக வந்தார். சங்கிலி வேல்கம்பைக் குறுக்கே நீட்டினான்.

"நில்லுய்யா. பேரு என்ன? ஊரு என்ன? வந்த காரியம் என்ன?"

"அடேய், நான்தான்டா உன் எஜமான்!"

"காலையிலேருந்து இப்படிச் சொல்ற மூணாவது ஆளு நீ. எங்க எஜமான் நூறு ஊருக்குச் சொந்தக்காரரு. கிழிஞ்ச வேட்டி கட்டிக்கிட்டுச் சீயக்காயோட நடந்தா வருவாரு? போய்யா, போயி வேலையப் பாரு."

பிரதானி குதித்தார், கத்தினார், வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு மறுபடியும் குதித்தார். சங்கிலி அசையவில்லை. கடைசியில் காரியக்காரர் ஓடிவந்து காலில் விழாத குறையாக எஜமானை உள்ளே அழைத்துப்போனார். கட்டளையை அப்படியே செய்தவனை எந்த முகத்தோடு விரட்டுவது? சங்கிலியின் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. எதிர் மரத்தடியில் இருந்த குப்பாண்டி சிரித்துச் சிரித்து இருமினான். இருமல் நின்றதும் எழுந்துபோய்ச் சங்கிலியோடு பேச்சுக் கொடுத்தான். மீதி ஒன்பது நாளும் அவனோடுதான் பேசிக்கொண்டிருந்தான்.

நாற்பத்தோராவது நாள் சபை கூடியது. பிரதானி பட்டு உடுத்து, அரிப்பைப் பொறுத்துக்கொண்டு நின்றார். குப்பாண்டி சங்கிலியைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து ராஜாவுக்கு எதிரே நிறுத்தினான்.

"மகாராஜா, தாங்கள் கேட்டது இதோ."

"மாற்றத்தைக் கேட்டேன். நீ மனிதனை அல்லவா கொண்டுவந்திருக்கிறாய்?"

"நூறு ஊர் வருமானம் விழுகிற வீட்டில் எந்த வாழ்க்கை மாறியிருக்கிறதோ அதை நிறுத்து என்பது தங்கள் ஆணை. நாற்பது நாள் தேடினேன். அந்த வீட்டில் மாறிய வாழ்க்கை இது ஒன்றுதான். அவனையே கேளுங்கள்."

சங்கிலி கும்பிட்டான். "சாமி, நான் மூட்டை தூக்கினவன். வேலை கெடச்சா சோறு, இல்லாட்டி இல்ல. இப்ப பத்து நாளா புள்ளைங்க ரெண்டு வேளையும் சாப்பிடுது சாமி. சின்னவன் இன்னும் வேணும்னு கேக்குறான், போடுறதுக்குப் பானையில இருக்குது. எம் பொண்டாட்டி காதுக்குத் தோடு வாங்கலாமான்னு கேக்குறா. எம் மாமியா என்னைய வாங்க போங்கங்குது!"

சபை சிரித்தது. பிரதானி சிரிக்கவில்லை. "மகாராஜா, கேள்வி அடியேனின் வாழ்க்கையைப் பற்றியது! அடியேனின் வாழ்க்கை முழுக்க மாறியிருக்கிறது!"

"அப்படியா?" ராஜா ஆவலோடு முன்னால் குனிந்தார். "தங்கத் தட்டில் சாப்பிடுகிறீரா?"

"அது... சுடுகிறது, மகாராஜா."

"தந்தக் கட்டிலில் தூங்குகிறீரா?"

பிரதானி பட்டுக்குள் கையை விட்டுச் சொறிந்துகொண்டார். சங்கிலி பக்கத்திலிருந்து, "தப்பா நெனைக்காதீங்க எஜமான், அன்னைக்கி அந்தக் கிழிஞ்ச வேட்டிய மட்டும் மாத்தியிருந்தா நான் உங்கள மறிச்சிருக்கவே மாட்டேன்" என்றான் வருத்தத்தோடு. என்ன கதை என்று ராஜா கேட்க, வாசலில் நடந்ததெல்லாம் வெளியே வந்தது. காவலர்கள்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்கள்.

"உண்மையைச் சொல்லும் பிரதானி, தண்டிக்க மாட்டேன். உமக்கு ஒன்றுமே மாறவில்லையா?"

பிரதானி கொஞ்ச நேரம் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். "ஒன்று மாறியது, மகாராஜா. முன்பெல்லாம் எங்கள் தெருவில் இருக்கும் தானிய வியாபாரியைவிட எனக்கு அதிகம் என்று நினைத்தால் சந்தோஷமாக இருக்கும். இப்போது அவன் கண்ணிலேயே படுவதில்லை. பக்கத்து நாட்டுப் பிரதானிக்கு முந்நூறு ஊராமே என்றுதான் தோன்றுகிறது."

ராஜா வியந்துபோனார். "சரி. குப்பாண்டி மாற்றத்தைக் காட்டிவிட்டான், ஆனால் கேள்வி உம் வாழ்க்கையைப் பற்றியது என்று நீரே சொன்னீர். உமக்கு மாற்றம் தராத ஊர்கள் உமக்கு எதற்கு? தொண்ணூறு ஊர் வருமானமும் அந்தந்த ஊரில் ஆட்களுக்கு வேலை கொடுத்துக் கூலியாகப் போகட்டும். சங்கிலி இனி அரண்மனை வாசலில் நிற்கட்டும். பிரதானியையே நிறுத்தியவன் எனக்கு வேண்டும்."

அவ்வளவுதான், பிரதானிக்குக் கண்ணில் தண்ணீர் பொலபொலவென்று வந்துவிட்டது. சபை நடுவில் பட்டு அங்கவஸ்திரத்தால் துடைக்கத் துடைக்க வந்தது.

"அடடா, குப்பாண்டி! ஊர்கள் வந்தபோது ஒன்றும் மாறாத மனிதர், அவை போகும்போது மட்டும் ஏன் அழுகிறார்?"

"அதுதான் எனக்கும் விளங்கவில்லை, மகாராஜா. நாற்பது நாள் அவர் வாசலில் உட்கார்ந்திருந்தேன். அந்த ஊர்கள் தன்னிடம் இருந்ததை அவர் இன்றைக்குத்தான் முதல்முறையாக உணர்கிறார்."

ராஜா கிரீடம் சாயச் சிரித்தார். சிரித்து ஓய்ந்து, "உன் நிலம் உன்னுடையதே. அதோடு ஒரு ஊரும் தருகிறேன். உன் வாழ்க்கையில் என்ன மாறும், சொல்" என்றார்.

குப்பாண்டிக்குச் சட்டென்று விகடம் வரவில்லை. "இப்போதே மாறிவிட்டது, மகாராஜா. நாற்பது நாளாக வயிற்றில் இருந்த பயம் போய்விட்டது. வீட்டில் ஒருத்தி சாமானைக் கட்டி வைத்திருக்கிறாள், ஓடிப்போய் அவிழ்க்கச் சொல்ல வேண்டும்."

"பத்து ஊராகத் தந்தால்?"

"வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசு வராது, கட்டாயம் வாங்கிக்கொள்வேன். ஆனால் என்ன மாறியது என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள். என் வாசலில் ஒருவனை நிறுத்துவேன் அல்லவா, அவனைக் கேளுங்கள்."

ராஜா மறுபடியும் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் ஒரு ஊருக்கான பட்டயத்தைக் கையில் வாங்கிக்கொண்டு குப்பாண்டி வீட்டைப் பார்த்து ஓட்டமாய் ஓடினான்.