தரை பார்த்து நடந்தவர்

"என் ஊரு ஓடமாட்டேங்குது, மேடம்" என்றார் ஆவுடையப்பன்.

நிலோஃபர் எதிரே இருந்த நாற்காலியைக் காட்டினார்.

பாளையங்கோட்டையில் ஒரு டயர் கடைக்கு மேலே இருந்தது அந்த அறை. கம்ப்யூட்டர் விளையாட்டு உருவாக்குகிறவர்கள் தங்கள் விளையாட்டு மெதுவாக ஓடினால் அங்கே வருவார்கள். சென்னையிலிருந்தும் வருவார்கள், பெங்களூரிலிருந்தும் வருவார்கள். நிலோஃபருக்கு முப்பத்தொரு வயது. அதிகம் பேசமாட்டார் என்று சொல்லித்தான் ஆவுடையப்பனைத் தெரிந்தவர்கள் அனுப்பியிருந்தார்கள்.

ஆவுடையப்பனுக்கு நாற்பத்தாறு. கட்டட வரைபடம் போடுகிற வேலையை விட்டுவிட்டு, ஆறு வருடம் தனியாக உட்கார்ந்து ஒரு விளையாட்டைச் செய்து முடித்திருந்தார். அதன் பெயர் மாடநல்லூர். ஆடுகிறவர் அதில் ஒரு தூதியாக வாழ வேண்டும். முத்திரையிட்ட ஓலைகளைத் தெருத் தெருவாகக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். வழியில் பேரம், சண்டை, சூழ்ச்சி எல்லாம் உண்டு. ஓலை சேரச் சேரத் தூதியின் மதிப்பு உயரும்.

"வெளியிட்டு ரெண்டு மாசம் ஆச்சு. இருநூறு பேர் குறை எழுதியிருக்காங்க. எல்லாம் ஒரே குறை. திக்குது, நிக்குதுன்னு."

"உங்க கம்ப்யூட்டர்ல?"

"என் கம்ப்யூட்டர்ல வழுக்கிட்டுப் போகுது. நொடிக்கு அறுபது படம்."

நிலோஃபர் மேசைக்கடியில் இருந்த தன் கம்ப்யூட்டரை ஓடவிட்டார். பத்து வருடப் பழசு. அதில் மாடநல்லூரை ஏற்றினார்.

திரையின் மூலையில் எண் தெரிந்தது. பதினொன்று.

நொடிக்குப் பதினொரு படம். தூதி நடக்கவில்லை. விட்டு விட்டுத் தோன்றினாள்.

"இது பழைய மெஷின், மேடம். அதான்."

நிலோஃபர் மவுசை எடுத்தார். படத்தின் துல்லியத்தைக் குறைத்தார். ஊர் கொஞ்சம் மங்கியது. இன்னும் குறைத்தார். மழை பெய்யும்போது கண்ணாடி வழியாகப் பார்ப்பதுபோல ஆயிற்று. இன்னும் குறைத்தார். வீடு எது, மாடு எது என்று தெரியவில்லை.

ஆவுடையப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"எண்ணைப் பாருங்க" என்றார் நிலோஃபர்.

பதினொன்று.

"எது குறைஞ்சுது?"

"படம்."

"எது குறையலை?"

ஆவுடையப்பன் திரையை உற்றுப் பார்த்தார்.

"தெரிஞ்ச பிறகு வாங்க."

*

நான்கு நாள் கழித்து வந்தார். கையில் ஒரு தாள்.

"பொருள், மேடம். பொருளோட எண்ணிக்கை குறையலை. படம் மங்கினாலும் அத்தனை பொருளும் அங்கேயேதான் இருக்கு. அதை ஒவ்வொண்ணா எடுத்து வைக்கறதுக்குத்தான் மெஷின் திணறுது."

நிலோஃபர் தலையசைத்தார்.

"அதனால எதை எதை எடுத்துடலாம்னு எழுதிக் கொண்டுவந்திருக்கேன்."

தாளை மேசைமேல் வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை.

நானூற்றுப் பன்னிரண்டு வீடுகள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் அடுப்படி. ஒவ்வோர் அடுப்படியும் வேறு வேறு. வெற்றிலைக்காரர் வீட்டில் ஈரச்சாக்கு. பொற்கொல்லர் வீட்டில் ஊதுகுழல். ஒரு வீட்டில், யாரும் போகவே தேவையில்லாத பின்கட்டில், பாதி பின்னிய கூடை. பின்னுகிறவள் எழுந்து போயிருக்கிறாள் என்று காட்ட, பக்கத்தில் தண்ணீர்ச் செம்பு.

எல்லாம் அந்தத் தாளில் இருந்தன. ஊர் நடுவே அவர் எழுப்பியிருந்த ஏழடுக்கு மாடத்தின் மேல் மூன்று அடுக்குகளும் இருந்தன.

நிலோஃபர் தாளைக் கவிழ்த்து வைத்தார்.

"இதுல ஒண்ணையும் எடுக்காதீங்க."

ஆவுடையப்பனுக்குத் பெருமை வந்தது. சட்டைப்பையிலிருந்து செல்போனை எடுத்தார்.

"நான் நினைச்சேன் மேடம். நல்லா இல்லைன்னா ஒருத்தரும் இப்படி எழுதமாட்டாங்க. இதைப் பாருங்க. இருநூறு குறைக்கு நடுவுல ஒரே ஒரு பாராட்டு."

சங்கரன்கோவிலிலிருந்து பொற்கொடி என்பவர் எழுதியிருந்தார். ஜெராக்ஸ் கடை வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தார். நீளமான கடிதம். மூன்றாம் தெருவின் கல்தளத்தில் வண்டித்தடம் எவ்வளவு இயல்பாக இருக்கிறது என்று எழுதியிருந்தார். சாயக்காரர் தெருவில் வாய்க்கால் ஓரம் நீலம் படிந்திருப்பதை எழுதியிருந்தார். கோலம் அழிந்த இடத்தை எழுதியிருந்தார்.

நிலோஃபர் இரண்டு தடவை படித்தார்.

"மாடத்தைப் பத்தி ஏதாவது எழுதியிருக்காங்களா?"

ஆவுடையப்பன் போனை வாங்கிப் பார்த்தார். மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

இல்லை. மாடம் இல்லை. கூரை இல்லை. வானம் இல்லை.

"சங்கரன்கோவிலுக்கு இப்ப பஸ் இருக்கா?" என்றார் நிலோஃபர்.

*

பேருந்து நிலையத்துக்குப் பின் தெருவில் இருந்தது ஜெராக்ஸ் கடை. பொற்கொடிக்கு நாற்பது வயது இருக்கும். ஆவுடையப்பன் பெயரைச் சொன்னதும் ஸ்டூலை இழுத்துப் போட்டார். ஆச்சரியத்தைக் காட்டிக்கொள்ளவில்லை.

"மாடநல்லூர் சாரா? இருங்க. ஹால் டிக்கெட் ஒண்ணு எடுத்துக் குடுத்துட்டு வாரேன்."

கொடுத்துவிட்டு வந்தார்.

"நீங்க ஆடறதைப் பாக்கலாமா?" என்றார் நிலோஃபர்.

"தாராளமா."

கடையில் இருந்தது ஒரே கம்ப்யூட்டர். விண்ணப்பம் நிரப்புவதும் அதில்தான், ஆடுவதும் அதில்தான். பொற்கொடி மாடநல்லூரைத் திறந்தார். திறந்ததும் மவுசைத் தன் பக்கம் இழுத்தார். தூதியின் பார்வை தரைக்கு இறங்கியது.

திரை முழுக்கக் கல்தளம். எண் நாற்பதுக்கு ஏறியது.

தூதி நடந்தாள். வேகமாக, எங்கும் தடுக்காமல். இடப்பக்கம் திரும்பினாள், படி இறங்கினாள், ஒரு வாய்க்காலைத் தாண்டினாள்.

"நிமிந்தா நின்னுபோகும் சார்" என்றார் பொற்கொடி. "முதல் நாள் ஒருதடவை நிமிந்தேன். பெருசா என்னமோ தெரிஞ்சுது. அப்படியே படம் உறைஞ்சுபோச்சு. அதுக்குள்ள ஒரு வழிப்பறிக்காரன் வந்து குத்திட்டான். செத்துட்டேன். அதுக்கப்புறம் நிமிரலை."

"அப்புறம் எப்படி வழி தெரியுது?" என்றார் நிலோஃபர்.

"கல்லு சொல்லும்லா. இந்தா, கல்லு தேஞ்சிருக்கு பாருங்க. மூட்டை இழுக்கிற இடம். அப்ப பண்டகசாலை வந்தாச்சு. நீலம் கண்டா சாயக்காரத் தெரு. உமி கிடந்தா நெல்லு குத்துற தெரு."

திரையின் மேல் ஓரத்தில் இரண்டு பாதங்கள் வந்து நின்றன.

"ஆளுங்களை எப்படித் தெரியும்?"

"காலு. வலது கால்ல தழும்பு இருக்கு, பாத்தீகளா? இவரு கப்பல்காரரு. ஓலை இவருக்குத்தான்."

அந்தத் தழும்பை வரைய ஆவுடையப்பன் ஒரு பகல் முழுவதும் செலவழித்திருந்தார். இதுவரை ஒருவரும் அதைச் சொன்னதில்லை.

"எது வரைக்கும் வந்திருக்கீங்க?" என்று கேட்டார்.

"முடிச்சாச்சு. போன மாசமே முடிச்சாச்சு. இது ரெண்டாவது தடவை." பொற்கொடி திரும்பி அவரைப் பார்த்தார். "குனிஞ்ச தலை நிமிராம மொத்த ஊரையும் ஜெயிச்ச ஆளு நான் ஒருத்திதான் சார். வேற யாராவது இருந்தா சொல்லுங்க."

அவர் முகத்தில் குறை எதுவும் இல்லை. கணக்குப் பரீட்சையில் நூற்றுக்கு நூறு வாங்கிய பிள்ளையின் முகம்போல இருந்தது.

ஆவுடையப்பன் ஸ்டூலிலிருந்து எழுந்து கைகூப்பினார்.

*

திரும்பும் பேருந்தில் ஏறி உட்கார்ந்தார்கள்.

"இருநூறு பேர் திட்டினாங்க. அது வலிக்கலை மேடம். இந்தம்மா சந்தோஷமா இருக்கறதுதான் வலிக்குது" என்றார் ஆவுடையப்பன்.

நிலோஃபர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். வெளியே பருத்திக் காடு. காற்று பலமாக அடித்தது.

"நிமிந்தாதானே கஷ்டம். குனிஞ்சா ஏன் ஓடுது? கண்ணு முன்னாடி இருக்கிறதை மட்டும்தானே மெஷின் வரையும். குனிஞ்சா கல்லு மட்டும். நிமிந்தா தெருவும் சுவரும். சுவருக்கு அவ்வளவு பாரம் கிடையாதே" என்றார் ஆவுடையப்பன்.

நிலோஃபர் ஜன்னல் ஷட்டரை இறக்கினார்.

"வெளிய காடு இருக்கா சார்?"

"இருக்கு."

"தெரியுதா?"

"இல்லை."

"அழிச்சுட்டேனா?"

ஆவுடையப்பன் ஷட்டரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வண்டி ஒரு நிறுத்தத்தில் நின்று, ஆள் ஏற்றி, மறுபடி கிளம்பியது.

"சுவருக்குப் பின்னாடி" என்றார் மெதுவாக. "கதவு சாத்தியிருக்கு. உள்ளே அடுப்படி இருக்கு. யாருக்கும் தெரியாது. ஆனா நான் மெஷின்கிட்ட சொல்லவே இல்லை. சுவர் மறைக்கும்னு சொல்லவே இல்லை. அந்தம்மா நிமிரும்போதெல்லாம் அது நானூறு வீட்டு அடுப்படியையும் வரைஞ்சு, அதுக்கு மேல சுவரை வரையுது. கூடையை வரையுது. செம்பை வரையுது. நொடிக்கு அறுபது தடவை வரையப் பாக்குது."

நிலோஃபர் ஷட்டரை உயர்த்தினார்.

பருத்தி வெடித்திருந்தது.

*

ஐந்து வாரம் ஆயிற்று.

ஒவ்வொரு சுவருக்கும் மறைக்கக் கற்றுக்கொடுத்தார் ஆவுடையப்பன். ஒவ்வொரு கதவுக்கும், திறந்தால் மட்டும் உள்ளே இருப்பதைக் காட்டக் கற்றுக்கொடுத்தார். நானூற்றுப் பன்னிரண்டு வீடுகள். ஒரு செம்பைக்கூட எடுக்கவில்லை.

முடித்துக்கொண்டு டயர் கடை மாடிக்கு வந்தார். நிலோஃபர் தன் பழைய கம்ப்யூட்டரில் ஏற்றினார்.

ஐம்பத்து மூன்று.

நிலோஃபர் எண்ணை ஒருமுறைதான் பார்த்தார். பிறகு தூதியை நடக்கவிட்டார். ஒரு கதவைத் திறந்தார். ஈரச்சாக்கு இருந்தது. இன்னொன்று. ஊதுகுழல் இருந்தது. ஒரு பின்கட்டுக்குப் போய், பாதி பின்னிய கூடைக்கு முன்னால் நின்றார். வெகுநேரம் நின்றார்.

"இவ எங்க போயிருக்கா?"

"யாரு மேடம்?"

"கூடை பின்னுறவ."

"பக்கத்து வீட்டுல பிரசவம். கூப்பிட்டாங்க, போயிருக்கா."

"அது விளையாட்டுல வருதா?"

"வராது. எனக்குத் தெரியும், அவ்வளவுதான்."

நிலோஃபர் சிரித்து அவர் பார்த்தது அன்றுதான்.

"நூறு விளையாட்டுக்கு மேல பாத்திருக்கேன் சார். இந்த மாதிரி ஒரு ஊரை யாரும் கட்டிக் கொண்டுவந்ததில்லை."

ஆவுடையப்பன் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆறு வருடத்தில் அப்படி உட்கார்ந்ததில்லை.

"நாளைக்கு சங்கரன்கோவில் போறேன். நீங்களும் வரணும்."

"நான் எதுக்கு?"

"நீங்கதானே வழி காட்டினீங்க."

நிலோஃபர் திரையை அவர் பக்கம் திருப்பி வைத்தார்.

"ஊரு உங்களோடது" என்றார்.

*

காலை பதினொரு மணிக்குக் கடையில் கூட்டம் குறைந்திருந்தது. ஆவுடையப்பன் புதிய மாடநல்லூரைப் பொற்கொடியின் கம்ப்யூட்டரில் ஏற்றினார். அவருடைய ஆட்டம் விட்ட இடத்தில் அப்படியே இருந்தது. நாலாம் தெரு முனை.

பொற்கொடி உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் மவுசைத் தன் பக்கம் இழுத்தார். கல்தளம்.

தூதி தரையைப் பார்த்தபடி நடந்தாள். உமியைத் தாண்டினாள். வண்டித்தடத்தைத் தாண்டினாள்.

"என்ன செஞ்சீக? காத்து மாதிரி போகுது."

"இனி குனிய வேண்டாம்மா" என்றார் ஆவுடையப்பன்.

பொற்கொடியின் கை நின்றது.

"குத்திருவான் சார்."

"நிக்காது. குத்த வந்தா நீங்க குத்துங்க."

பொற்கொடி உள்ளங்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டார். மவுசை மெல்ல முன்னால் தள்ளினார்.

கல்தளம் இறங்கியது. பாதங்கள் வந்தன. பாதங்களுக்கு மேலே வேட்டி, இடுப்பு, தோள், தாடி. கப்பல்காரர் ஒற்றைக்கண்ணர் என்பது அப்போதுதான் பொற்கொடிக்குத் தெரிந்தது. அவருக்குப் பின்னால் தூண்கள். தூண்களுக்கு மேலே கூரை ஓடுகள், ஓடுகள்மேல் காயவைத்த மிளகாய். அதற்கும் மேலே மாடத்தின் முதல் அடுக்கு. இரண்டாம் அடுக்கில் ஒரு பெண் விளக்கு துடைத்துக்கொண்டிருந்தாள். மூன்று. நான்கு. ஐந்தில் புறாக்கள் கிளம்பின. ஒன்றுகூடத் திக்கவில்லை. ஏழாம் அடுக்கு வெயிலில் இருந்தது. அதற்கு மேலே வானம்.

பொற்கொடி திரைக்கு இன்னும் கிட்டே நகர்ந்தார்.

ஆவுடையப்பன் திரையைப் பார்க்கவில்லை. பொற்கொடியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. ஒருவர் ரேஷன் கார்டை நீட்டினார்.

"ஏ பொற்கொடி, முன்னும் பின்னும் ரெண்டு காப்பி. அவசரம்."

பொற்கொடி திரும்பவில்லை.

"செத்த இருங்கண்ணே" என்றார். "ஊரு பாத்துக்கிட்டிருக்கேன்."