நல்ல செங்கல் மாதிரி

மங்கலபுரி ராஜாவுக்குக் கோபம் வந்தால் யார் முதுகாவது பழுக்காமல் தணியாது. அன்றைக்கு அகப்பட்டது கொத்தனார் ஒச்சப்பனின் முதுகு.

பட்டத்து யானைக்கு அவன் கட்டிய கொட்டடிச் சுவர், யானை ஒரு தரம் முதுகு சொறிந்துகொண்டதும் படுத்துவிட்டது. தீர்ப்பு, நூறு கசையடி.

"குற்றம் கட்டியதில் இல்லை, மகாராஜா. கல்லில்தான்" என்று அழுதான் ஒச்சப்பன். "ஒரு கல்லைத் தண்ணீரில் ஊறப் போட்டேன். மறுநாள் தொட்டியில் சேறுதான் இருந்தது. வேண்டாமென்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேன்."

செங்கல் கொடுத்தவர் ராணியின் தம்பி மழவராயர். அவர் அலட்டிக்கொள்ளவே இல்லை. மடியிலிருந்து ஓர் ஓலையை எடுத்தார்.

"அத்தான், இது நீங்களே சொல்லி எழுதியது. 'சூளையிலிருந்து வரும் ஒவ்வொரு கல்லும் நல்ல செங்கல் மாதிரி இருக்க வேண்டும்.' இருக்கிறதா இல்லையா? சிவப்பு நிறம், நாலு மூலை. நல்ல செங்கல்லாகவே இருக்க வேண்டும் என்று எங்கே எழுதியிருக்கிறது?"

ராஜா ஓலையை வாங்கிப் பார்த்தார்; அவர் சொன்ன வார்த்தையேதான். தன் தப்பை ஒப்புக்கொள்ளும் வழக்கம் அந்த வம்சத்திலேயே கிடையாது. ஆகவே, "ஒச்சப்பனைக் கட்டுங்கள்" என்றார்.

அரசவை விகடகவி கூத்தபிரான் எழுந்தார். அரண்மனைச் சாப்பாட்டில் வளர்ந்த தொப்பை, அதைவிட நீளமான நாக்கு.

"மழவராயர் சொல்வதுதான் சரி, மகாராஜா. வேலை முடிந்ததும் மச்சானைத் தளபதி மாதிரி வைத்துக்கொள்வதாக வாக்குக் கொடுத்தீர்களே. அதையும் இப்போதே நிறைவேற்றிவிடலாம்."

மழவராயருக்கு வாயெல்லாம் பல். கூத்தபிரான் ஆளை அனுப்பினார். கூத்துக்காரர்களின் மரக்கத்தியும் பொய்க்கால் குதிரையும் வந்து சேர்ந்தன.

"என்ன இது?"

"கத்தி மாதிரி. குதிரை மாதிரி. கட்டிக்கொண்டு வடக்கு எல்லைக்குப் புறப்படுங்கள், தளபதி மாதிரி. அங்கே எதிரி மட்டும் நிஜம்."

மழவராயர் ராஜாவின் காலில் விழுந்தார். "அத்தான், நல்ல கல்லாகவே சுட்டுத் தருகிறேன். சுவரையும் என் செலவில் கட்டித் தருகிறேன்."

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். ஒச்சப்பனின் முதுகு தப்பியது. கூத்தபிரான் சொல்லச் சொல்லப் புது ஓலை எழுதினார்கள். கல், தட்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். இடுப்புயரத்திலிருந்து போட்டால் உடையக் கூடாது. நாள் முழுக்க ஊறினாலும் கரையக் கூடாது. சூளைக்குப் பத்துக் கல் எடுத்து ஒச்சப்பன் சோதிக்க வேண்டும். எந்தப் பத்து என்று மழவராயர் வாயே திறக்கக் கூடாது.

ராஜாவுக்குப் பரம திருப்தி. "கூத்தபிரான், உமக்கு ஒரு மாந்தோப்பு மாதிரி ஏதாவது தர வேண்டுமே."

"மாந்தோப்பே போதும், மகாராஜா. மாதிரியை மச்சானுக்கே கொடுத்துவிடுங்கள்."