வளைவு தெரியாத ரயில்

“அம்மா, என் வீட்டுக்காரி உலகம்மைக்கு நான் என்ன கொறை வச்சேன்?” என்று கேட்டார் மாசிலாமணி.

இங்கிலாந்தில் டார்பி நகரம். ஒரு சின்ன வீட்டின் முன்னறை. சனிக்கிழமைதோறும் அங்கே நாலைந்து பேர் கூடிக் கண்ணை மூடிச் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். நடுவில் இருப்பவர் திலகாம்பிகை. யாழ்ப்பாணத்துப் பெண்மணி, ஆஸ்பத்திரியில் நர்ஸ்.

மாசிலாமணி தென்காசிக்காரர், ரயில் இன்ஜினியர். திலகாம்பிகையைவிடப் பத்து வயது மூத்தவர். ஆனாலும் அவர் முன்னால் மாசிலாமணியின் குரல் தானாக இறங்கிவிடும். குரு என்று ஆனபிறகு வயதையா பார்க்க முடியும்?

“என்ன நடந்தது? சொல்லுங்கோ.”

“சாப்பிட மாட்டேங்கா. ராத்திரி தூங்க மாட்டேங்கா. என்னையே பாத்துக்கிட்டு இருக்கா. நேத்து, ஊருக்கே போயிரலாம்னு அழுதா. நான் ஒரு சுடுசொல் சொன்னதில்லம்மா. சிரிச்ச முகமாத்தான் வீட்டுக்குள்ள நுழையுதேன்.”

“வேலை எப்பிடிப் போகுது?”

மாசிலாமணி திரும்பிப் பார்த்தார். மற்றவர்கள் கிளம்பிப் போயிருந்தார்கள்.

“அது முடிஞ்ச கதைம்மா. எங்க ரயிலை நிறுத்தப் போறாங்க. அதோட எனக்கும் சீட்டுக் கிழிஞ்சிரும். அவகிட்ட மூச்சு விடல. சொன்னா தாங்க மாட்டா. ‘என்ன ஒரு மாதிரி இருக்கீங்க’ன்னு கேப்பா. ‘ஒண்ணுமில்ல’ன்னுருவேன்.”

திலகாம்பிகை கண்ணை மூடிக்கொண்டார். பெரிய பதில் ஏதோ வரப்போகிறது என்று மாசிலாமணி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“உங்கட ரயிலிலை என்னை ஒருக்கா ஏத்துவீங்களோ?”

குரு தமக்கென்று ஒன்று கேட்டது அதுதான் முதல் தடவை.

*

அது ஒரு சோதனை ரயில். டிக்கெட் கொடுத்து அதில் யாரையும் ஏற்றியதில்லை. இனி ஏற்றப்போவதும் இல்லை.

வளைவு வந்தால் மற்ற ரயில்கள் வேகத்தைக் குறைக்கும். இது குறைக்காது. சைக்கிளில் போகிறவன் திருப்பத்தில் சாய்வதைப் போல, பெட்டியே உள்பக்கமாகச் சாய்ந்துகொடுக்கும். எவ்வளவு சாய வேண்டும் என்று கணக்குப் போட்டவர் மாசிலாமணி. தலைமுடி முழுவதையும் அதற்குத்தான் கொடுத்தார்.

மிச்சமிருந்த ஓட்டங்களில் ஒன்றுக்கு, வேலை செய்கிறவர்கள் ஆளுக்கொரு விருந்தாளியை அழைத்து வரலாம் என்றார்கள். எல்லாரும் பெண்டாட்டியைக் கூட்டி வந்தார்கள். மாசிலாமணி குருவைக் கூட்டிப் போனார்.

ரயில் பறந்தது. அவர் ஒரு கோப்பையில் விளிம்புவரை தேநீர் ஊற்றி மேசைமேல் வைத்தார்.

“இப்ப ஒரு வளைவு வருதும்மா. பாருங்க.”

பெட்டி சாய்ந்தது. ஒரு சொட்டுத் தேநீர் சிந்தவில்லை.

“வளைஞ்சது தெரிஞ்சுதா?”

“இல்லை.”

“தெரியவே தெரியாது! உடம்புக்கு ஒரு துளி தெரியாமப் பண்ணியிருக்கேன்.”

சாகப்போகிற ரயில்தான். இருந்தாலும் பெற்றவனுக்குப் பெருமை விட்டுப்போகுமா?

திலகாம்பிகை ஜன்னல் பக்கம் திரும்பினார். வயல்கள் மேலே ஏறின. வானம் கீழே இறங்கியது. அடுத்த வளைவில் எல்லாம் தலைகீழாக நடந்தது. அவர் நெற்றியில் வியர்வை துளிர்த்தது.

“என்னம்மா செய்யுது?”

“ஒண்டுமில்லை.”

“மொகமெல்லாம் வெளிறிக் கெடக்கே!”

“ஒண்டுமில்லை.”

சிரித்தபடியே சொன்னார். சிரித்தபடியே இருக்கையில் செருகியிருந்த காகிதப் பையை எடுத்தார். அதில் வாந்தி எடுத்தார்.

மாசிலாமணி துள்ளி எழுந்தார். குரு என்றும் பாராமல் கத்திவிட்டார்.

“ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்லன்னா என்ன அர்த்தம்? வாயத் தொறந்து சொன்னாத்தானே தெரியும்? எனக்குப் பயமா இருக்குல்லா!”

திலகாம்பிகை வாயைத் துடைத்துக்கொண்டார். அவரையே பார்த்தார்.

மாசிலாமணி மெல்ல உட்கார்ந்தார்.

அடுத்த வளைவும் போயிற்று. அவர் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“இதுல ஏறுனவங்க முக்காவாசிப் பேருக்கு இப்படித்தாம்மா ஆகுது. உடம்புக்குத்தான் ஒண்ணும் தெரியலையே, பெறகு ஏன் பெரட்டுதுன்னு…”

“கண்ணுக்குத் தெரியுது.”

“அப்ப என்ன செய்ய?”

“கொஞ்சம் குறைச்சுச் சாய விடுங்கோ. வளைவு வந்தால் வளைவெண்டு உடம்புக்கும் தெரியட்டும்.”

“தள்ளுமேம்மா! ஆளுக ஆடிப்போயிருவாங்களே!”

“பிடிச்சுக்கொள்ளுவினம்.”

*

வீட்டு வாசலில் நின்று மாசிலாமணி வழக்கம்போல ஒரு சிரிப்பைத் தேடினார். பிறகு, வேண்டாம் என்று விட்டுவிட்டார்.

உலகம்மை அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“என்ன ஒரு மாதிரி இருக்கீங்க?”

பழக்கதோஷத்தில் வாய் ‘ஒண்’ என்று ஆரம்பித்தது. மீதியை விழுங்கினார்.

“எனக்கு வேலை போகுது உலகம்மை. எங்க ரயிலு ஓடப்போறதில்ல. ரொம்ப நாளாவே தெரியும். ஒங்கிட்டச் சொல்லல.”

அவள் கையிலிருந்த கரண்டி விழுந்தது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். அவர் பயந்தபடியே அவள் கண் நிறைந்து வழிந்தது.

“வேலையா?” என்றாள். “வேலை மட்டுந்தானா?”

“ஆமா.”

“நெசமா வேற ஒண்ணுமில்லையே?”

“வேற ஒண்ணுமில்ல.”

உலகம்மை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“பாவி மனுசா! நான் ராத்திரி பூரா ஒங்க மூக்குக்கிட்ட கைய வச்சு, மூச்சு வருதா வருதான்னுல்லா பாத்துக்கிட்டுக் கெடந்தேன்!”