வடக்குத் தெருவுல ரெண்டு ஊர்வலம்

பஸ் கண்டக்டர் அருளப்பனுக்கு வயசு நாப்பத்தெட்டு. அவருக்குக் கிளாரினெட் சொல்லித்தர்ற காஸ்பருக்கு முப்பத்தஞ்சு. அதனால இவரு அவரை ‘மாஸ்டர்’ம்பாரு, அவரு இவரை ‘அண்ணே’ம்பாரு.

அன்னைக்குச் சாயங்காலம் அருளப்பன் மூச்சு வாங்க ஓடி வந்தாரு. கச்சேரி வித்வான் வைத்திலிங்கம் அவரைச் சிஷ்யனாச் சேர்த்துக்கறேன்னுட்டாராம். ஒரு நிபந்தனை: காஸ்பர் வீட்டுப் பக்கமே போகக்கூடாது. காலையில சர்ச்சு, சாயங்காலம் கல்யாணம்னு ஊதுற ஆளு வாத்தியாரே இல்லையாம். நாளைக்குக் காலைல பதில் சொல்லணுமாம்.

“‘கண்டதையும் ஊதினா வாய் கெட்டுப்போகும்ப்பா’ன்னாரு,” வித்வான் மாதிரியே மூக்கால பேசிக் காட்டினாரு அருளப்பன்.

காஸ்பர் வயித்தைப் பிடிச்சுக்கிட்டு சிரிச்சாரு.

“சிரிக்காதீங்க மாஸ்டர். இந்த வயசுல தப்பான வாத்தியார்கிட்ட மாட்டிக்கிட்டா, திரும்பி வரக்கூட எனக்கு நேரமில்லை. நல்ல வாத்தியாரை எப்படிக் கண்டுபிடிக்கிறது?”

காஸ்பர் பேண்டு செட்டுத் தொப்பியை மாட்டினாரு.

“மாப்பிள்ளை ஊர்வலம் இருக்கு. வாங்கண்ணே.”

வடக்குத் தெரு அதிருது. மாப்பிள்ளையோட சேக்காளிங்க சட்டை நனைய ஆடுறாங்க. காஸ்பரோட குத்துப்பாட்டு அப்படி. திடீர்னு எதிர்ல தீவட்டி, நாயனம், தவில். சாமி வருது.

காஸ்பர் கையைத் தூக்கினாரு. பேண்டு நின்னுச்சு. ஆடினவங்க கத்தினாங்க. மாப்பிள்ளையோட மாமா ஒருத்தரு, இனிமே உன்னை எந்தக் கல்யாணத்துக்கும் கூப்பிடமாட்டோம்னு எகிறினாரு. காஸ்பர் தொப்பியை எடுத்தாரு, பூட்ஸைக் கழட்டினாரு, ஓரமா நின்னாரு.

நாயனக்காரர் கல்யாணி ராகத்தை இழைக்கிறாரு. அருளப்பன் தற்செயலாக் கீழ பார்த்தாரு. மாஸ்டரோட கட்டைவிரல் மண்ணுல தாளம் போட்டுக்கிட்டு இருந்துச்சு.

சாமி தாண்டுற நேரம், நாயனம் விட்ட கடைசி ராகப் பிடியைக் காஸ்பர் அப்படியே கிளாரினெட்டுல எடுத்தாரு. நாயனக்காரர் சடக்குனு திரும்பினாரு. சிரிச்சாரு. இன்னொண்ணு போட்டாரு. இவரு அதையும் திருப்பினாரு. மூணாவது பிடியை வளைச்சு, நெளிச்சு, அதே குத்துப்பாட்டுல கொண்டுபோய் இறக்கினாரு பாருங்க, தவில் தானாச் சேர்ந்துக்கிச்சு. சேக்காளிங்க குதிச்சாங்க. மாமாவும் ஆட வேட்டியை மடிச்சுக் கட்டினாரு. சாமி தூக்கினவங்க தோளு லேசா ஆடுச்சு.

அருளப்பன் அவசரமாக் குனிஞ்சு பார்த்தாரு. நாயனக்காரரோட காலும் சும்மா இல்லை.

ஊர்வலம் மண்டபத்துக்குள்ள போனதும் அருளப்பன் மாஸ்டரோட கையைப் பிடிச்சுக்கிட்டாரு.

“நாளைக்கு வித்வான் வீட்டுக்குப் போகவா, வேணாமா மாஸ்டர்?”

காஸ்பர் பூட்ஸுக்குக் கயிறு கட்டிக்கிட்டே சொன்னாரு: “போங்கண்ணே. போய் இந்தக் குத்துப்பாட்டை அவரு முன்னாடி வாசிங்க. அவரு வாய் என்ன சொல்லுதுன்னு கேக்காதீங்க. காலைப் பாருங்க.”